வீடு நீங்கிய இசை

வீடு என்னுஞ் சொல், விடு என்னும் முதனிலை நீண்டு பிறந்த பெயர் என்பர் இலக்கணமுடையார். பகலெல்லாம் உழைத்தவன் தன் சுமையையும் களைப்பையும் விடுமிடம் வீடு. பற்றுக்களை விட்டவன் எய்தும் நிலையும் வீடு. தங்குமிடத்தையும் விடுதலையையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோரின் நுண்ணறிவு வியத்தற்குரியது. இவ்வொரு சொல்லைக் கைவிளக்காகக் கொண்டு, ஐரோப்பிய இசையுலகிற் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் நிகழ்ந்த பெருமாற்றத்தை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு மேனாட்டிசையில் என்ன வேலை என வினவுவாரும் உளர். யாம் கிறிஸ்தவ ஆலயங்களிற் கீர்த்தனையும் பாடுகின்றோம். நான்கு குரலில் அமைந்த ஞானப்பாட்டும் பாடுகின்றோம். பின்னது மேனாட்டு மரபினின்று வந்தது. ஸோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்னும் நான்கு குரல்களும் வெவ்வேறு சுரங்களை ஒரே வேளையில் ஒலித்துத் தம்முள் இயைவதைச் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்த எமக்கு அவ்விசை முற்றும் அயலன்று. ஆதலின் அதன் வரலாற்றை அறிய விழைதல் எம் வீட்டின் ஒரு சுவர் எவ்வாறு எழுந்தது என அறிய விழைதலை ஒக்கும்.

ஆலயத்திற் பாட்டு முடிந்தபின் ஆமென் பாடுகின்றோம் அன்றோ? அவ்வொரு சொல்லிலேயே மேனாட்டிசையின் பெருங்கொள்கை அடங்கியுள்ளது. முதலசைக்கு மத்திமத்தின்மேல் ஒரு கூட்டொலி எழுகின்றது. இரண்டாம் அசைக்கு அது சட்சத்தின்மேல் வந்து அமர்கின்றது. இசை பயிலாத சிறு பிள்ளையும் அவ்விடத்திற் பாட்டு முடிந்ததென உணரும். பயணஞ் சென்றவன் தன் திண்ணையில் வந்து அமர்ந்ததுபோன்ற அவ்வமைதியைத் தருஞ் சுரத்தை யாம் இக்கட்டுரையில் வீட்டுச் சுரம் என்று வழங்குவோம்.

நம் நாட்டிசையிலே தம்புரா தொடக்கமுதல் இறுதிவரை ஒலித்துக்கொண்டேயிருக்கும். பாடுவோர் எத்துணைத் தொலைவு சென்றாலும் வீட்டு விளக்கின் ஒளி கண்ணை விட்டு அகல்வதில்லை. மேனாட்டிசையில் அவ்வாறு இடையறாது ஒலிக்குஞ் சுருதி பெரும்பாலும் இல்லை. கூட்டொலிகளின் நடையினாலேயே வீடு இன்னதென உணர்த்தப்படும். பாட்டின் இடையே வேறொரு சுரத்தை வீடாகக் கொண்டு சிறிது காலம் அங்கே தங்கிப் பின்னர்ப் பழைய வீட்டிற்கு மீள்வர். பழந்தமிழ் இசைநூலாரும் குரல் நிற்கும் இடத்தை மாற்றிப் புதுப்பண் பிறப்பிக்கும் முறையை அறிந்திருந்தனர்; அதற்குப் பண்ணுப் பெயர்த்தல் என்பது பெயர். மேனாட்டாரோ வெளியேறுதல், அலைதல், மீளல் என்னும் மூன்றையும் ஒரே பாட்டினுள் ஒரு கதைபோல அமைத்தனர். ஹைடன், மோட்ஸார்ட், பேத்தோவன் ஆகியோருடைய சிம்பொனிகளின் சுவையிற் பெரும்பகுதி இக்கதையாற் பிறந்ததேயாம்.

இக்கதை 1890ஆம் ஆண்டிற்கும் 1914ஆம் ஆண்டிற்கும் இடையே முறிந்தது. சிலர் மீளும் வழியை நீட்டினர். சிலர் வேறு வீட்டிற் குடியேறினர். சிலர் வீடே இல்லாத வெளியிற் சென்று நின்றனர். அவ்விசையைக் கேட்ட எம் நண்பர் சிலர், அது செவிக்கு இன்னாதது, பக்திக்கு ஒவ்வாதது, சீர்கெட்டது என்பர். இத்தீர்ப்பு எளிதிற் கூறத்தக்கது அன்று என்பது எமது கருத்து. அதற்குக் காரணங்களை முறையே கூறுவோம்.

மாற்றத்தின் வித்து சற்று முன்னரே ஊன்றப்பட்டது. ரிச்சர்டு வாக்னர் என்பார் இயற்றிய 'டிரிஸ்டனும் இஸோல்டேயும்' என்னும் இசைநாடகம் 1865ஆம் ஆண்டில் மூனிக் நகரில் அரங்கேறியது. அதன் தொடக்கத்திலேயே பகைச் சுரங்கள் விரவிய கூட்டொலி ஒன்று எழுகின்றது. அது தனக்குரிய அமைதியைத் தேடிச் செல்கின்றது. சென்ற இடத்தில் வேறொரு பகை எழுகின்றது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழிந்து நாடகம் முடியும் வேளையிலேதான் அவ்வேட்கை தணிகின்றது. வீடு இருக்கின்றது, ஆயினும் அதனை அடைய ஓர் இரவு முழுதும் காத்திருத்தல் வேண்டும். அடுத்த தலைமுறையினர் அனைவரும் இந்நாடகத்தைக் கேட்டே வளர்ந்தனர்.

அவருள் முதற்கண் கூறத்தக்கவர் குஸ்தாவ் மாலர். அவர் 1860ஆம் ஆண்டிற் பொஹீமிய நாட்டின் சிற்றூர் ஒன்றில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். வியன்னா மாநகரின் அரண்மனை இசைநாடக அரங்கின் தலைமையை அடைய விரும்பினார். ஆற்றலில் அவருக்கு ஒப்பாவார் அரியர்; எனினும் யூதர் ஒருவர் அப்பதவியை அடைதல் அக்காலத்து வியன்னாவில் இயலாததாயிருந்தது. அவர் 1897ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களிற் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டிலேயே வியன்னாவிற்கு அழைக்கப்பட்டார். அவர் உள்ளத்தில் இருந்த விசுவாசத்தை அளத்தற்கு யாம் யார்? ஆனால், ஒரு திருமுழுக்கை அரண்மனைக் கதவின் திறவுகோலாக ஆக்கிவைத்த கிறிஸ்தவ சமுதாயத்தை எண்ணுங்கால், அம்முழுக்கையே உயிரினும் மேலாக மதிக்கும் எமக்கு நாணம் உண்டாகின்றது.

மாலருடைய சிம்பொனிகள் புறப்பட்ட வீட்டிற்குத் திரும்புவன எனக் கொள்ளுதற்கில்லை. 1904ஆம் ஆண்டிற் கொலோன் நகரில் முதன்முறை இசைக்கப்பட்ட ஐந்தாஞ் சிம்பொனி, பிணத்தின் பின் செல்லும் ஊர்வலம்போல ஸி ஷார்ப் மைனரில் தொடங்கி, உவகை பொங்கும் டி மேஜரில் முடிகின்றது. அவரது நான்காஞ் சிம்பொனி ஜி மேஜரிற் புறப்பட்டுக் குழந்தை காணும் மோட்ச உலகைப் பாடி ஈ மேஜரில் அடங்குகின்றது. இறந்துபட்ட மக்களை நினைந்து தந்தை பாடும் பாடல்களை 1901 முதல் 1904 வரை அவர் இயற்றினார். பின்னர் 1907ஆம் ஆண்டில் அவருடைய மூத்த மகள் நான்கு வயதில் இறந்தாள். அவ்வாண்டிலேயே வியன்னாப் பதவியை விடுத்து, மறு ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பணியேற்றார். அதன்பின் எழுதிய 'மண்ணுலகின் பாடல்' என்னும் பெருநூலின் முடிவில், பாடுபவர் அழிவின்மையைக் குறிக்கும் ஒரு சொல்லையே மெல்ல மெல்லத் திரும்பக் கூற, கீழே சி மேஜர்க் கூட்டொலியோடு அதற்குரியதல்லாத ஒரு சுரம், தைவதம், கலந்து நிற்கின்றது. ஆமென் என்பதன் இரண்டாம் அசை முழுதும் அமராமல் காற்றில் நிற்பது போன்றது அது. மாலர் 1911ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் மறைந்தார். அந்நூல் அவர் மறைந்த ஆறு திங்களின்பின் மூனிக்கில் அரங்கேறியது.

இனிப் பாரிஸ் மாநகர்க்குச் செல்வோம். அங்கே 1889ஆம் ஆண்டில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஜாவாத் தீவினர் தம் கமெலான் என்னும் வெண்கலப் பல்லியத்தை முழக்கினர். அதனை வியந்து கேட்டவருள் இருபத்தேழு வயதினரான கிளாட் டெபுஸி ஒருவர். வீட்டைத் தேடி விரையாமல் ஓரிடத்திற் சுற்றிச் சுழன்று ஒளிரும் இசையும் உலகில் உண்டென அவர் அன்று கண்டார். 1894ஆம் ஆண்டில் அரங்கேறிய 'ஆட்டுக்காலோன் ஒருவனின் நண்பகற் கனவுக்கு முன்னிசை' என்பதில் ஒரு புல்லாங்குழல் தனித்து எழுந்து, எவ்வீட்டைச் சேர்ந்ததெனச் சொல்லாமலே நெளிந்து இறங்குகின்றது.

'வுவால்' என்னும் அவரது சிறு பியானோ இசையை இதற்குச் சிறந்த சான்றாகக் கூறலாம். பாய்மரத் துணி என்றும் முகத்திரை என்றும் அச்சொல் இருபொருள்படும். அதிற் பெரும்பகுதி முழுச் சுர இடைவெளிகளையே கொண்ட ஆறு சுரங்களால் ஆனது. நம்மவர் வழக்கிற் கூறின், சட்சம், சதுச்சுருதி ரிடபம், அந்தர காந்தாரம், பிரதி மத்திமம், சுத்த தைவதம், கைசிகி நிடாதம் என்பன அவை. பஞ்சமம் இல்லை. எல்லாச் சுரங்களும் சம தொலைவில் நிற்றலால் எதுவும் எதனையும் தன்பால் ஈர்ப்பதில்லை. வழியே தெரியாத மூடுபனிக்கடலில் ஓடம் நிற்பதுபோல இசை நிற்கின்றது. நடுவே சில நொடிகள் மட்டும் ஐந்து சுரங்களால் ஆன வேறொரு காற்று வீசிப் பின் ஓய்ந்துவிடுகின்றது. வீட்டை இழந்த அச்சம் இதில் இல்லை. வீட்டை மறந்த அமைதியே உளது.

இவ்விடத்திற் தமிழர் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. டெபுஸியின் இசையில் ஈடுபட்ட மாரிஸ் தெலாஜ் என்னும் பிரெஞ்சு இளைஞர் 1912ஆம் ஆண்டளவில் இந்தியாவிற் பயணஞ் செய்தார். 'நான்கு இந்துப் பாடல்கள்' என்னும் தொகுதியை இயற்றி, ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஊரின் பெயரைப் பொறித்தார். முதற்பாட்டின்மேல் உள்ள பெயர் மதராஸ். அன்றியும், கோயம்புத்தூர்த் தாயி என்னும் புகழ்பெற்ற பாடகியாரின் இசைத்தட்டைக் கேட்டு உருகி, அப்பாட்டைப் பியானோவிற்கு அமைத்து 'ராகமாலிகா' எனப் பெயரிட்டார். நம் சுருதி ஒலியைப் பியானோவில் எவ்வாறு எழுப்புவது? தந்தியின் கீழ் ஓர் அட்டைத் துண்டைச் செருகி ஒரு சுரத்தை மழுக்கி ஒலிக்கச் செய்தார் அவர். தம் நாட்டிசை வீட்டினின்று புறப்பட்ட காலத்திலே, என்றும் வீடு நீங்காத தமிழ்க்குரல் ஒன்று பாரிஸ் நகரத்துப் பியானோவிற் குடிபுகுந்தது.

மீண்டும் வியன்னாவிற்கு வருவோம். ஆர்னால்டு ஷோன்பெர்க் என்பார் அந்நகரில் 1874ஆம் ஆண்டில் யூதக் குடும்பத்திற் பிறந்து, பெரும்பாலும் தாமே முயன்று இசை கற்றவர். 1898ஆம் ஆண்டிற் புரொட்டஸ்டண்டுத் திருமுழுக்குப் பெற்றவர். 1907ஆம் ஆண்டில் அவருடைய இசையைக் கேட்டோர் அவையில் எள்ளியபொழுது, மாலர் எழுந்து அவர் பக்கம் நின்றார். அவ்விசை தமக்கு முற்றும் விளங்கவில்லை என்றும், ஆயினும் இளையவர் கூறுவது சரியாக இருத்தல் கூடும் என்றும் மாலர் கருதினார் என்பர். விளங்காததனை வெறுக்காது காத்துநின்ற அப்பெருந்தன்மை எம் உள்ளத்தைக் கவர்கின்றது.

1908ஆம் ஆண்டு ஷோன்பெர்க்கின் வாழ்வில் மிகக் கொடியது. அவ்வேனிலில் அவருடைய மனைவியார் அவரைப் பிரிந்து சென்று பின்னர் மீண்டார். அக்காலத்தில் அவர் எழுதி முடித்துத் தம் மனைவியார்க்கே உரிமையாக்கிய நூல், நான்கு தந்திக்கருவிகளுக்குரிய இரண்டாங் குவார்ட்டெட். அதன் முதற்பகுதி எஃப் ஷார்ப் மைனரில், வீட்டுக்குள்ளே தொடங்குகின்றது. மூன்றாம் பகுதியில், அத்தகைய நூல்களில் வழக்கமில்லாத ஒரு பெண்குரல் வந்து துயர மன்றாட்டைப் பாடுகின்றது. நான்காம் பகுதியின் தலையில் வீட்டைக் காட்டும் சுருதிக்குறியே எழுதப்படவில்லை. கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணினின்று எழும்பி, எடையற்ற வெளியில் மிதக்கின்றன; வேற்றுக்கோள் ஒன்றின் காற்றைப் பற்றிப் பெண்குரல் பாடுகின்றது. வீட்டுச் சுரம் என்னும் கட்டு முதன்முறையாக முற்றும் அவிழ்ந்த இடங்களுள் இஃதொன்று. வியப்பு யாதெனின், நெடிய மிதப்பின் இறுதியில் அவ்விசை எஃப் ஷார்ப் மேஜர்க் கூட்டொலியில் வந்து ஓய்கின்றது. வீட்டை விட்டவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அந்நூல் 1908ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் வியன்னாவில் அரங்கேறியது. வாசித்தோர் ரோஸே குழுவினர். அதன் தலைவர் ஆர்னால்டு ரோஸே, மாலரின் தங்கை கணவர். 1881 முதல் வியன்னா அரண்மனைப் பல்லியத்தின் முதல் வயலினர். அவையோர் சிரிப்பும் கூச்சலும் எழுப்பினர். நான்காண்டுக்கு மேல் கழித்து, 1913ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள், ஷோன்பெர்க் தம்முடைய இசையையும் தம் மாணாக்கர் வேபர்ன், பெர்க் ஆகியோர் இசையையும் அந்நகரில் நடத்தியபொழுது கைகலப்பே நேர்ந்து நிகழ்ச்சி இடையில் நின்றது. இறுதியில் இசைத்தற்கென வைத்திருந்தவை மாலரின் அம்மக்கட்பாடல்கள். கூச்சலிட்டோர் தமக்குப் பிடிக்காததை மட்டும் நிறுத்தினாரல்லர்; மகவை இழந்தார்க்கு ஆறுதலாகும் பாட்டையும் அன்று நிறுத்திவிட்டனர். இரண்டு திங்களின்பின் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' அரங்கேறிய இரவும் ஆரவாரத்திற் கழிந்தமை யாவரும் அறிந்ததே.

வீடு நீங்கியோர் ஒருபுறம் இருக்க, பழைய வீட்டைத் தேடிச் சிற்றூர்களுக்கு நடந்தவரும் அக்காலத்திலேயே இருந்தனர். ஹங்கேரியிற் பார்டோக், கோடாய் என்னும் இருவரும் போனோகிராப் கருவியைச் சுமந்துகொண்டு குடியானவர் குடிசைதோறும் சென்று பாட்டுக்களைத் திரட்டினர். இங்கிலாந்தில் ரால்ப் வான் வில்லியம்ஸ் 1903ஆம் ஆண்டு தொடங்கி அவ்வாறே செய்தார். அவர் குருவானவர் ஒருவரின் மகனார். எனினும் விசுவாசத்தில் உறுதி கூற இயலாதவராய் இருந்தார். அத்தகையவரிடமே 1906ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில ஞானப்பாட்டு நூலின் இசைப்பகுதி ஒப்படைக்கப்பட்டது! சர்ரே நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் கேட்ட நாட்டுப்பாடலின் மெட்டைப் பெத்லகேமைப் பற்றிய கிறிஸ்துமஸ் பாட்டிற்கு அமைத்தார். பரிசுத்தவான்களை நினைவுகூரும் பாட்டிற்குத் தாமே ஒரு மெட்டை இயற்றிப் 'பெயரில்லாதது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்கு இட்டார். சகல பரிசுத்தவான்கள் திருநாளிற் பல ஆலயங்களில் வீறுடன் எழும் மெட்டு அதுவேயாம்.

அந்நூலைத் தொகுக்குங்கால், பதினாறாம் நூற்றாண்டினரான தாமஸ் டாலிஸ் இயற்றிய மெட்டொன்றை அவர் எடுத்தாண்டார். பழைய பிரீஜியன் முறையில் அமைந்த அதன் சுரங்கள் நம் தோடியின் சுரங்களை ஒப்பன. அம்மெட்டையே விரித்துத் தந்திக்கருவிகளுக்கென ஓர் இசையை அமைத்து, 1910ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் குளஸ்டர் பேராலயத்தில் அரங்கேற்றினார். அதனைக் கேட்கும்பொழுது கல்தூண்களே பாடுவதுபோலத் தோன்றும். ஷோன்பெர்க் நாளையை நோக்கி நடந்தார். இவர் நேற்றை நோக்கி நடந்தார். ஆயினும் இருவரும் விட்டது ஒன்றே. நூற்றாண்டுக்கணக்காக வழங்கிய மேஜர், மைனர் என்னும் இரண்டறை வீடு இருவருக்கும் போதவில்லை.

இனி, நண்பர் கூறுந் தீர்ப்பிற்கு வருவோம். அவ்விசை பகைச் சுரங்களால் நிறைந்தது. ஆதலாற் சீர்கெட்டது என்பது அவர் வழக்கு. பகை என்பது என்றும் மாறாததா? நம் பழைய இசைநூலார் சுரங்களின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என நான்காகப் பகுத்தனர். நின்ற நரம்பிற்கு மூன்றாவதையும் ஆறாவதையும் பகையென வைத்தனர் உரைகாரர். அம்மூன்றாஞ் சுரத்தையே நட்பாக்கி அதன்மேல் மேனாட்டார் தம் கூட்டொலிகளைக் கட்டினர். யாம் நான்கு குரலிற் பாடும் பாட்டு ஒவ்வொன்றும் அந்நட்பினால் நிற்கின்றது. ஐரோப்பாவிலும் இடைக்காலத்தில் அதனை முழு நட்பாகக் கொண்டாரில்லை. பகையென ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டது பிறிதொரு காலத்தில் வீட்டின் தூணாயிற்று. ஆகவே, இன்று செவிக்குப் பகையானதொன்றை என்றும் பகையெனத் துணிதல் பொருந்தாது.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. சீர்கெட்ட இசை என்னுஞ் சொல் பள்ளி மாணவர் வாயில் மட்டும் வழங்கியதன்று. ஒரு பேரரசின் ஆணையாகவும் வழங்கியது. ஜெர்மனியில் 1933ஆம் ஆண்டில் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஷோன்பெர்க் தம் ஆசிரியப் பதவியை இழந்தார். அவ்வாண்டு ஜூலைத் திங்களிற் பாரிஸில் யூத சமயத்திற்கு முறைப்படி மீண்டு, அமெரிக்கா சென்றார். மாலரின் இசை அந்நாட்டில் விலக்கப்பட்டது. அவர் பெற்ற திருமுழுக்கு அதனைக் காக்கவில்லை. 1938ஆம் ஆண்டு மே திங்களில் டியூஸல்டார்ப் நகரில் 'சீர்கெட்ட இசை' என்னும் பெயராலேயே ஒரு கண்காட்சி நடத்தினர். இசையைச் சீர்கெட்டதென்றவர் அதனை இயற்றியவரையும் அவர் இனத்தாரையும் அவ்வாறே கூறினர். வியன்னாவில் ஐம்பத்தேழு ஆண்டு வாசித்த ஆர்னால்டு ரோஸே அவ்வாண்டில் வெளியேற்றப்பட்டு, இலண்டனில் அடைக்கலம் புகுந்து 1946ஆம் ஆண்டில் இறந்தார். அவர் மகள் ஆல்மா ரோஸே ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் அடைபட்டு, அங்குள்ள பெண் கைதிகளின் இசைக்குழுவை நடத்தி, அதனாற் பலர் உயிரைக் காத்து, 1944ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அங்கேயே மாண்டார். மாலரின் மருமகள் அவர்.

இசை கெட்டதனால் இவ்வழிவு வந்ததென யாரும் கூறார். இனிய வீட்டிசையைப் பேணிக் கேட்டவரும் இக்கொடுமையைச் செய்தனர். அங்ஙனமாயின், வீடில்லாத இசை நமக்கு உணர்த்துவது யாது? ஒரு பெருநகரில் ஒரு சாராருக்கு உண்மையில் வீடு இல்லை என்பதனை, மற்றையோர் உணருமுன்னரே அவ்விசை உணர்ந்து கூறிற்று என்று கொள்ளுதல் தகும். அஃது எதிர்காலங் கூறுஞ் சோதிடம் என்பது எமது கருத்தன்று. ஷோன்பெர்க்கின் துயரம் அவருடைய சொந்தத் துயரமே. ஆயினும், அமைதி இல்லாதவிடத்து அமைதி உண்டெனப் பாட மறுத்த நேர்மை அவ்விசையில் உளது. அந்நேர்மை வேதத்திற்குப் புதிதன்று. பாபிலோன் ஆற்றங்கரையிற் பகைவர் பாடச் சொல்ல, பாட மனமின்றி இருந்து அழுதவரின் புலம்பலும் சங்கீதப் புத்தகத்திலே இடம்பெற்றுள்ளது. ஆறுதற் பாட்டை மட்டும் பக்தியென்பார் அப்பகுதியை எங்கே வைப்பர்?

எமக்கும் அவ்விசை முழுதும் இனித்ததென யாம் கூறவில்லை. ஷோன்பெர்க்கின் நான்காம் பகுதியைப் பன்முறை கேட்ட பின்னரே அதன் மிதப்பு எமக்குப் பிடிபட்டது. அவர் பின்னாளில் இயற்றியவற்றுட் பல இன்னும் பிடிபடவில்லை. அஃது எம் செவியின் குறையோ இசையின் குறையோ என்பதனைக் காலம் தீர்க்கட்டும். வீட்டுச் சுரம் ஒழியவேண்டும் என்பதும் எம் கட்சியன்று. ஆலயத்தில் ஆமென் அமர்ந்து முடியும் நொடியில் எம் உள்ளமும் அமர்கின்றது. அவ்வமைதி உண்மையானது. ஆயினும், வீட்டில் இருப்பவன் தன் அமைதியை அளவுகோலாகக் கொண்டு வெளியில் நிற்பவனுடைய குரலை இரைச்சல் என்பானாயின், அவ்வீட்டின் கதவு அன்பின் கதவாகாது. ஷோன்பெர்க் தம் அறுபத்து நான்காம் வயதில், 1938ஆம் ஆண்டில், யூதரின் பாவநிவாரண இரவுக்குரிய 'கோல் நித்ரே' மன்றாட்டிற்கு இசை அமைத்தார். முப்பது ஆண்டுக்கு முன் தாம் நீங்கிய பழைய முறைக்கு அணுக்கமாக, ஜி மைனரில் அதனை அமைத்தார். தம் மக்கள் வீடிழந்து நின்ற ஆண்டில் அவர் அவர்களுக்கு ஒரு வீட்டுச் சுரத்தைக் கொடுத்தார்.

இவ்விசையைக் கேட்கத் தொடங்குவோர்க்கு ஒரு முறை கூறுவோம். முதலில் டாலிஸ் மெட்டின்மேல் அமைந்த வான் வில்லியம்ஸின் இசையைக் கேட்க. கால் மணி நேரம் போதும். அடுத்து மாலரின் ஐந்தாஞ் சிம்பொனியில், தந்திக்கருவிகளும் யாழும் மட்டும் இசைக்கும் நான்காம் பகுதியைக் கேட்க. பின்னர் டெபுஸியின் 'வுவால்'. இவை பழகியபின் ஷோன்பெர்க்கின் குவார்ட்டெட்டை முதலிலிருந்து முறையாகக் கேட்பின், வீட்டினின்று வெளிக்குச் செல்லும் வழி ஒவ்வோர் அடியாகப் புலப்படும். முதன்முறை கேட்டவுடன் தீர்ப்புக் கூறற்க. மாலர் செய்ததுபோல, விளங்கவில்லை எனினும் சிறிது நேரம் உடன் நிற்க. அங்ஙனம் நிற்கப் பழகிய செவி, இசைக்கு மட்டுமன்றித் தன் அருகில் வீடின்றி நிற்கும் மனிதர்க்கும் திறந்திருக்கும் என்பது எமது துணிபு.